ஐப்பசிக்கு இடம்

ஐப்பசி மூன்றாம் வாரத்தில் என் வண்ணப்பெட்டியின் கீழ் இழுப்பறை வர மாட்டேன் என்றது. விரலால் இழுத்தேன். குமிழில் துணியைச் சுற்றி இழுத்தேன். பெட்டியைக் கவிழ்த்து முதுகில் தட்டினேன். உள்ளே இருந்தவை இண்டிகோவும் பெய்ன்ஸ் கிரேயும். தஞ்சாவூர் வானத்தில் அந்த இரண்டு நிறங்களுக்கும் வருடத்தில் இரண்டு மாதம்தான் வேலை. வெளியே பெரிய கோயில் விமானத்துக்குப் பின்னால் மேகம் கருத்துக் குவிந்து நிற்கிறது. அதைத் தீட்ட வேண்டிய நிறங்கள் மரத்துக்குள் மாட்டிக்கொண்டு கிடக்கின்றன. அல்ட்ராமரீனில் பர்ன்ட் அம்பரைக் கலந்து பார்த்தேன். சாம்பல் நிறம் வந்தது, மழை வரவில்லை.

முப்பது வருடம் வங்கியில் வேலை பார்த்தவன் நான். அத்தனை வருடமும் ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு தகர டப்பாவை வைத்துத்தான் வரைந்தேன். மூடியின் உட்புறம் வெள்ளை எனாமல், அதில்தான் கலவை. ஒரு பக்கம் துருப்பிடித்து, மஞ்சள் எடுத்தால் கொஞ்சம் துருவும் சேர்ந்து வரும். என் பழைய படங்களில் வெயில் லேசாகக் காவியடித்திருப்பதற்கு அதுதான் காரணம், பார்த்தவர்கள் அதை என் பாணி என்றார்கள். ஓய்வு பெற்றதும், இனிமேலாவது ஒரு நல்ல பெட்டி என்று முடிவு செய்தேன். வெளிநாட்டில் கையால் செய்து விற்கிறார்கள். விலையைப் பார்த்துவிட்டு, நம் ஊரிலேயே செய்யச் சொல்வது என்று தீர்மானித்தேன்.

மனதில் இருந்தது லண்டன் பெட்டிதான். 18-ஆம் நூற்றாண்டின் கடைசியில் ரீவ்ஸ் கடையில் விற்ற மஹோகனிப் பெட்டிகளின் படங்களை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். அதுவரை ஓவியர்கள் நிறக்கல்லைத் தாங்களே அரைத்து, பிசினில் குழைத்துப் பயன்படுத்திக்கொண்டிருந்தார்கள். வில்லியம், தாமஸ் என்ற ரீவ்ஸ் சகோதரர்கள் அதைச் சின்ன வில்லைகளாக வார்த்தார்கள். வில்லை காய்ந்து வெடிக்காமல் இருக்கத் தேனைச் சேர்த்தார்கள். 1781-இல் லண்டன் கலைச் சங்கம் இதற்காக அவர்களுக்கு வெள்ளியில் ஒரு வண்ணத்தட்டைப் பரிசாகக் கொடுத்தது.

அந்த வில்லைகளைத் தூரிகையால் தொட்டால் உடனே நிறம் வந்துவிடாது. பீங்கான் தட்டில் சொட்டுத் தண்ணீர் விட்டு வில்லையை அதில் தேய்க்க வேண்டும். சந்தனக்கட்டையை இழைக்கிற அதே வேலைதான். ஒரு நிறத்துக்கு ஒரு தட்டு, தண்ணீருக்கு ஒரு கண்ணாடிக் கிண்ணம், தட்டுகளை வைக்க ஒரு இழுப்பறை, மேலே வில்லைகளுக்குக் கட்டம் கட்டமாய் அறை, எல்லாவற்றுக்கும் ஒரு பூட்டு சாவி. இப்படித்தான் பெட்டி வளர்ந்தது. ஒவ்வொரு அறைக்கும் ஒரு காரணம் இருந்தது. அந்த மஹோகனி எங்கிருந்து வந்தது என்று பார்க்கப்போனால் ஜமைக்காவும் ஹோண்டுராஸ் கரையும் வரும், அங்கே அதை வெட்டியவர்கள் அடிமைகள். பெட்டியின் பளபளப்பைப் பார்க்கும்போது அதையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டியிருக்கிறது.

பிறகு காரணங்கள் ஒவ்வொன்றாய் விழுந்தன. 1832-இல் தொடங்கிய வின்சர் அண்ட் நியூட்டன் கிளிசரின் சேர்த்து, தொட்டாலே கரையும் ஈர வண்ணம் கொண்டுவந்தது. 1841-இல் ஜான் ராண்ட் என்ற அமெரிக்க ஓவியர் தகரக் குழாய்க்குக் காப்புரிமை வாங்கினார். சில வருடங்களில் நீர்வண்ணமும் குழாய்க்குள் போனது. இழைக்கத் தேவையில்லை என்றால் தட்டுகள் எதற்கு, தட்டுகள் இல்லையென்றால் இழுப்பறை எதற்கு? சட்டைப்பையில் போகிற தகர டப்பா வந்துவிட்டது. நான் முப்பது வருடம் வைத்திருந்தது அந்த வம்சம்தான். ஓய்வு பெற்ற பிறகு நான் ஆசைப்பட்டது, வேலை போய் நூற்றைம்பது வருடத்துக்கு மேலான ஒரு பெட்டிக்கு.

பெட்டி செய்யச் சொல்லி நான் தேடிப்போன ஆசாரி வீணை செய்கிறவர். வயது எழுபதுக்கு மேல். ஒரே கட்டையில் குடைந்தெடுக்கும் ஏகாண்ட வீணைக்காகப் பண்ருட்டிப் பக்கத்துப் பலாமரம் வாங்கி வைத்திருந்தார். அதில் குடத்துக்கு ஆகாத துண்டுகள் பட்டறை மூலையில் கிடந்தன. புதிதாய் அறுத்த பலா, பழச்சுளை மாதிரி மஞ்சளாக இருக்கும். காற்றும் வெளிச்சமும் பட்டுப் பட்டு வருடங்கள் போனால் மஹோகனிக்கு அண்ணன் மாதிரி பழுப்பேறிவிடும். புத்த பிக்குகளின் ஆடைக்குச் சாயம் காய்ச்சிய மரம் அது. நான்கூட ஒரு பிடி சீவலை அள்ளிவந்து படிகாரம் போட்டுக் கொதிக்கவைத்தேன். அருமையான மஞ்சள்! ஜன்னலோரம் ஒட்டிவைத்த தாளில் அது ஒரு கோடையைத் தாண்டவில்லை.

நான் காகிதத்தில் வரைந்துகொண்டுபோன படத்தை அவர் கையில் வாங்கவில்லை. “சொல்லுங்க தம்பி” என்றார். சொன்னேன். 11 அங்குல நீளம், 7 அங்குல அகலம், இரண்டு இழுப்பறை, கிண்ணங்களுக்கு வட்டக் குழி, பித்தளைக் கீல். முக்கியமாக ஒன்று: பெரிய பணக்காரப் பெட்டிகளில் ஓர் இழுப்பறையை உள்ளே தள்ளினால், உள்ளே அழுந்திய காற்று இன்னோர் இழுப்பறையை மெதுவாக வெளியே தள்ளும். அவ்வளவு இறுக்கமான வேலை. எனக்கு அது வேண்டும்.

“அவ்வளவு டைட்டா வேண்டாம். ஐப்பசிக்கு எடம் வைக்கணும்.”

“இல்லண்ணே, அப்படித்தான் வேணும்.”

அவர் இன்னொரு தடவை சொல்லவில்லை. இழைப்புளியை எடுத்துக்கொண்டார்.

நாற்பது நாளில் பெட்டி வந்தது. கீழ் இழுப்பறையைத் தள்ளினேன். மேல் இழுப்பறை யாரோ உள்ளேயிருந்து கொடுப்பதுபோல ஓர் அங்குலம் வெளியே வந்து நின்றது. அன்று மட்டும் இருபது முறையாவது தள்ளியிருப்பேன். வீட்டுக்கு வந்தவர்களுக்கெல்லாம் செய்து காட்டினேன். படம் எதுவும் வரையவில்லை. மனைவி பெட்டியை ஒரு கையால் தூக்கிப் பார்த்துவிட்டு, “இதைத் தூக்கிட்டு வர ஒரு ஆளும் சேர்த்து வச்சுக்குங்க” என்றாள். வெறும் பெட்டியே மூன்று கிலோவுக்கு மேல்.

அவள் சொன்னதில் சரித்திரம் இருக்கிறது. 1792-இல் ஆங்கில ஓவியர் தாமஸ் டேனியலும் அவர் சகோதரரின் மகன் வில்லியமும் தெற்கே வந்து இதே விமானத்தை வரைந்தபோது பல்லக்கும் சுமைகாரர்களும் கூட வந்தார்கள். கனமான பெட்டி என்பது தூக்க ஆள் உள்ளவர்களின் பெட்டி. இன்னோர் ஆங்கில ஓவியரான டர்னரோ, பழைய பஞ்சாங்கம் ஒன்றின் அட்டையை மடித்து அதற்குள் வில்லைகளை வைத்துக்கொண்டு ஊர் சுற்றினார். இரண்டும் எனக்குத் தெரிந்திருந்தும் நான் டேனியல் பக்கம்தான் சாய்ந்தேன்.

உபயோகிக்கத் தொடங்கியதும் சங்கடங்கள் வரிசையாக வந்தன. அரக்குப் பாலிஷ் தண்ணீருக்கு ஆகாது. ஈரத் தூரிகையைக் கவனமில்லாமல் வைத்த இடத்தில் வெள்ளையாக ஒரு தடம் விழுந்தது. தேன் சேர்த்த வண்ணங்கள் சில வைத்திருந்தேன், நம் காற்று ஈரத்தில் அவை முழுசாக இறுகுவதேயில்லை. ஒருநாள் மூடியைத் திறந்தால் கட்டங்களின் ஓரம் பிடித்து வரிசையாகச் சிற்றெறும்பு. ரீவ்ஸ் சகோதரர்களுக்கு லண்டனில் இந்தப் பிரச்சினை வந்திருக்காது. அவற்றை விரட்டுவதற்குள் ஐப்பசி வந்துவிட்டது.

உள்ளே அகப்பட்ட இரண்டைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். குழாயில் இண்டிகோ என்று போட்டிருந்தாலும் இப்போது பெரும்பாலும் அதில் அவுரி கிடையாது; வேறு ஒரு நீலத்தையும் கருப்பையும் சேர்த்து அந்தப் பெயரை வைத்துவிடுகிறார்கள். பெய்ன்ஸ் கிரே, வில்லியம் பெய்ன் என்ற ஆங்கில நீர்வண்ண ஓவியர் பழக்கத்துக்குக் கொண்டுவந்த கலவை. ஆக இரண்டுமே கலவைகள். வீட்டில் இருந்த நீலத்தையும் கருப்பையும் வைத்து நானே கலந்திருக்கலாம். அல்ட்ராமரீனில் ஒருமுறை முயன்றதோடு சரி. பெட்டிக்குள் இருக்கிறது என்று தெரிந்த பொருளை வெளியே செய்துகொள்ள மனம் வரவில்லை.

குடையைப் பிடித்துக்கொண்டு பெட்டியை ஆசாரியிடம் எடுத்துப்போனேன். லேசாக ஒரு முறை சீவிக் கொடுத்தால் போதும் என்றேன். அவர் இழுப்பறையின் விளிம்பில் கட்டைவிரலை ஓட்டினார். மரம் நீளவாட்டில் உப்பாது, ரேகைக்குக் குறுக்கேதான் உப்பும். இழுப்பறையின் பக்கப்பலகை உயரத்தில் வளர்ந்து மேலே போய் முட்டிக்கொண்டு நின்றது.

“இப்ப சீவினா சித்திரையில லொடலொடன்னு ஆடும். வத்தட்டும், கொண்டாங்க.”

கார்த்திகை போனது. அந்த மழை முழுவதும் தகர டப்பாவில்தான் வரைந்தேன். மேகங்கள் துருவேறி வந்தன. அதில் இரண்டு படம் தேறும். மாசியில் ஒருநாள் தூசி தட்டும்போது விரல் பட்டது, இழுப்பறை தானாக வந்தது. குழாய்கள் இரண்டும் வைத்தது வைத்தபடி இருந்தன.

பங்குனியில் மறுபடி பட்டறைக்குப் போனேன். ஆசாரி இழுப்பறையை உருவி, மேல் விளிம்பில் இழைப்புளியை வைத்து நாலு இழுப்பு இழுத்தார். சீவல் சுருண்டு விழுந்தது, வெளிப்புறம் பழுப்பாகிவிட்ட மரத்திலிருந்து பழைய மஞ்சள். சுவரில் தொங்கிய தினசரி காலண்டரிலிருந்து முந்தின நாள் தாளைக் கிழித்து, மூன்று மடிப்பு மடித்து, சந்தில் நுழைத்துப் பார்த்தார். தாள் போனது. மெழுகுவத்தியை ஒருமுறை அடியில் தேய்த்துக் கொடுத்தார். காசு வாங்கவில்லை.

வீட்டுக்கு வந்து கீழ் இழுப்பறையைத் தள்ளினேன். சத்தமில்லாமல் உள்ளே போனது. மேல் இழுப்பறை அசையவில்லை.