வளர்ப்பு நாயும் திறந்த படலையும்

நாய் நன்றியுள்ள பிராணி என்பது யாவரும் அறிந்ததே. வைரவப் பெருமானின் வாகனமாக அதனைப் போற்றும் மரபினர் நாம். ஆகவே நாயை வெறுக்குமாறு எழுத யான் முன்வரவில்லை. நாய் வளர்க்கின்றோம் எனக் கூறிக்கொண்டு, காலையும் மாலையும் படலையைத் திறந்து அதனைக் கட்டாக்காலியாக அலையவிடும் நம்மவர் வழக்கத்தைப் பற்றியே ஈண்டு எழுதுகின்றேன்.

சில ஆண்டுகளுக்கு முன்னர், எங்கள் ஒழுங்கையில் துவிச்சக்கர வண்டியில் வந்த பத்து வயதுச் சிறுவனை அயல்வீட்டு நாயொன்று துரத்திக் கெண்டைக்காலிற் கடித்துவிட்டது. சத்தங் கேட்டு வெளியே வந்த வீட்டுக்காரர், "எங்கள் நாய் ஒருவரையும் கடியாது, விளையாட்டுக்குப் பாய்ந்திருக்கும்" என்றார். சிறுவனின் காலிலோ இரத்தம் வடிந்துகொண்டிருந்தது. அவனைக் கிணற்றடிக்கு அழைத்துச் சென்று, சவர்க்காரமிட்டுப் பதினைந்து நிமிடம் காயத்தைக் கழுவி, வைத்தியசாலைக்கு அனுப்பினோம். நாயைக் கட்டிவைத்துக் கவனிக்குமாறு வைத்தியர் பணித்தார். வீட்டுக்காரர் இரண்டு நாள் கட்டினார். மூன்றாம் நாள், ஊளையிடுகிறதென்று அவிழ்த்துவிட்டார். போன நாய் திரும்பவில்லை. அதற்கு விசர் இருந்ததா என்பதை அறியும் வழியும் அதனோடு போயிற்று. ஊசிகள் யாவும் போட்டு முடிந்த பின்னரும் சிறுவனின் தாய் நெடுநாள் கண்ணுறங்கினாரல்லர். மகன் தண்ணீர் குடிக்கின்றானா என்று பார்த்தபடியே இருந்தார். இறையருளால் அவன் நலமே உள்ளான்.

அத்தாயின் அச்சம் வீணானதன்று. நீர்வெறுப்பு நோயின் குறிகள் தோன்றியபின் உயிர் பிழைத்தல் அரிதினும் அரிது. தோன்றுமுன் தடுத்தலோ எளிது. விசர்நாய் கடித்த ஒன்பது வயதுச் சிறுவனொருவனுக்கு லூயி பாஸ்டர் தடுப்பு மருந்தேற்றியது 1885 இல். நம் நாட்டிலும் விசர்நாய்க்கடி பற்றிய கட்டளைச் சட்டம் 1893 இலும், நாய்களைப் பதிவு செய்யும் கட்டளைச் சட்டம் 1901 இலும் பிறந்தன. அவ்வாறிருந்தும், 1973 இல் மட்டும் இலங்கையில் 377 பேர் இந்நோயால் மாண்டனர். நாய்களுக்குத் தடுப்பூசி போடும் முயற்சியால் அத்தொகை பின்னர் பெரிதுங் குறைந்தது; எனினும் நோய் அற்றுப்போயிற்றில்லை.

"ஊசி போட்டாயிற்றே, இனிக் கட்டுவதேன்?" என்பாரும் உளர். விசர் ஒன்றே ஆபத்தன்று. நாய் குறுக்கே பாய்வதால் வண்டியோடு விழுந்து எலும்பு முறிந்தோர் எத்தனை பேர்! கடியுண்ட ஆடுகளும் கோழிகளும் எத்தனை! அலையும் நாயும் ஈற்றிற் பாரவண்டிச் சில்லில் அகப்பட்டு மடிகின்றது. அது தெருவில் ஈன்ற குட்டிகளோ சந்தையடியிலும் கோயில் வீதியிலும் ஊசி காணாது பெருகுகின்றன. ஊர் நாய் என்று நாம் பழிப்பவற்றுட் பல, ஒரு காலத்தில் வீட்டு நாயின் வழிவந்தவையே.

படலையைச் சாத்துதல், வேலிப் பொட்டை அடைத்தல், ஆண்டுதோறும் ஊசி போடுவித்தல், குட்டி பெருகாவாறு கருத்தடை செய்வித்தல் ஆகிய இந்நான்கும் நாய் வளர்ப்போர் கடன். மாணவச் செல்வங்களுக்கு ஒன்று கூறுவேன்: நாய் கடித்தால், சிறு கீறலேயாயினும், ஏச்சுக்கு அஞ்சி வீட்டில் மறையாதீர்கள். பெற்றோரின் ஏச்சு அன்றைப் பொழுதோடு தீரும். மறைத்த கடியோ உயிரோடன்றித் தீராது.