வெயிலுக்கென்று பின்னிய படுக்கை

மெக்சிகோவின் யுகடான் தீபகற்பத்தில் ஏப்ரல், மே மாதங்கள் கடுமையானவை. மழை தொடங்குவதற்கு முந்தைய அந்த வாரங்களில் மெரிடா நகரத்தின் வெப்பம் 40 டிகிரி செல்சியஸைத் தாண்டிவிடும். அந்தப் புழுக்கத்தில் மெத்தையில் யாரால் தூங்க முடியும்? வீட்டுச் சுவர்களில் கொக்கி பதித்து, இரவில் ஹாமக் எனப்படும் வலைத் தொட்டிலை மாட்டிப் படுக்கிறார்கள். விடிந்ததும் கழற்றிச் சுருட்டி வைத்தால் படுக்கையறை கூடமாகிவிடுகிறது.

மெரிடாவுக்குக் கிழக்கே சுமார் 25 கிலோமீட்டரில் திஷ்கோகோப் என்ற சிற்றூர் இருக்கிறது. ஹாமக் பின்னுவதில் யுகடான் முழுக்கப் பெயர் பெற்ற ஊர். வெயில் காலத்தில் காட்டில் தங்குகிறவர்களுக்கு இதமான படுக்கை எது என்று அறியத்தான் நான் அங்கே போனேன்.

அங்கே ஒரு வீட்டு நிழலில் மரச்சட்டம் நிற்கிறது. இரண்டு செங்குத்துக் கம்பங்கள், அவற்றை இணைக்கும் குறுக்குக் கட்டைகள், அவ்வளவுதான். கம்பங்களுக்கு இடையே உள்ள தூரமே ஹாமக் உடலின் நீளம். சட்டத்தின் முன் நிற்கும் பெண், நூல் சுற்றிய மர ஊசியை ஒரு வரிசை கண்ணிகளுக்குள் நுழைத்து இழுக்கிறார். அடுத்த வரிசை உருவாகிறது. மீன்வலையில் இருப்பது போன்ற முடிச்சு இதில் கிடையாது. கண்ணி கண்ணியைப் பிடித்திருக்கிறது. அதனால்தான் இந்த வலை எந்தப் பக்கமும் நெகிழ்கிறது, முதுகிலும் எதுவும் உறுத்துவதில்லை.

கைப்பதம்தான் இதில் எல்லாம். தளர்த்திப் பின்னினால் நடுவில் தொய்ந்துவிடும்; இறுக்கினால் விரியாது. பேசிக்கொண்டே பின்னினாலும் அந்தப் பெண்ணின் இழுப்பு ஒரே அளவில் இருந்தது. உடல் முடிந்த பிறகு இரு முனைகளிலும் நீண்ட கயிறுகளைக் கோத்து ஒரு வளையத்தில் சேர்க்கிறார்கள். இவற்றை ‘பிராசோ’, அதாவது கை என்கிறார்கள். இந்தக் கயிறுகளின் எண்ணிக்கையே அளவுகோல்: ஒருவருக்கான ஹாமக்கில் ஏறத்தாழ 50 ஜோடி, இரட்டை அளவில் 100, ‘மாத்ரிமோனியால்’ எனப்படும் தம்பதியர் அளவில் 150.

இதில் படுத்தால் ஏன் குளிர்கிறது? மெத்தை உடல் சூட்டைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. வலையிலோ முதுகுக்கு அடியிலும் காற்று ஓடி, வியர்வையை உலர்த்திச் சூட்டை எடுத்துப் போகிறது. குளிர்ப் பிரதேசங்களில் ஹாமக் கட்டுகிறவர்கள் அடியில் தனியாக ஒரு போர்வை தொங்கவிடுவதும் இதே காரணத்தால்தான். முகாம்களுக்கென்று விற்கப்படும் பாராசூட் துணி ஹாமக் எடை குறைந்தது. ஆனால் இடைவெளியில்லாத துணி என்பதால் வலை அளவுக்குக் காற்றை விடுவதில்லை.

முன்பு எனெக்கென் கற்றாழை நாரில் பின்னினார்கள். நம் ஊர் ரயில் பாதை ஓரங்களில் காணும் ரயில் கற்றாழைக்கு அது நெருங்கிய உறவு. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் யுகடானின் பண்ணை முதலாளிகளைச் செல்வந்தர்களாக்கிய ‘பச்சைத் தங்கம்’ அதுதான். நார் முரடு என்பதால் இப்போது பருத்தியும் நைலானுமே அதிகம். பருத்தி மென்மையானது, வியர்வையை உறிஞ்சும். ஆனால் நனைந்தால் காய நாளாகும், பூஞ்சை பிடிக்கும். மழையில் நைலான் சீக்கிரம் உலரும். வறண்ட கோடையில் முகாமிடுகிறவருக்குப் பருத்தி, மழைக்காட்டுக்குப் போகிறவருக்கு நைலான் என்று பிரித்துக்கொள்ளலாம்.

யுகடானில் ‘செனோத்தே’ எனப்படும் நிலத்தடி நீர்க்குளங்களை ஒட்டி முகாமிடுகிறார்கள். அங்கே ஹாமக் கட்டுவதிலும் ஒரு முறை இருக்கிறது. கயிற்றை விறைக்க இழுக்காமல், தரைக்கு ஏறத்தாழ 30 டிகிரி சாய்வில் தொங்கவிட வேண்டும். நீளவாக்கில் படுத்தால் முதுகு வளையும். மூலைவாட்டிலோ குறுக்காகவோ படுத்தால் வலை விரிந்து உடல் சமமாகும், காற்றும் கூடுதலாகப் படும். மாலை வெயிலைத் தடுக்கும் பக்கமாக மரம் பார்க்க வேண்டும். தார்ப்பாயை உயர்த்திக் கட்டி, பக்கங்களைத் திறந்துவிட வேண்டும். தாழக் கட்டினால் அனல் உள்ளேயே தங்கிவிடும். காய்ந்த கிளைக்கும் தென்னைக்கும் அடியில் கட்டவே கூடாது. மரப்பட்டை அறுபடாமலிருக்க அகலமான பட்டை நாடா தேவை.

கொசு விஷயத்தில் அலட்சியம் ஆகாது. டெங்கு உள்ள பகுதி அது. வலையின் அடியிலிருந்தே கொசு கடிக்கும். கீழ்ப்பக்கத்தையும் சேர்த்து மூடும் கொசுவலைதான் காக்கும்.

இவ்வளவு நுட்பமான பொருளைச் செய்யும் பெண்களின் வருமானம் மிகக் குறைவு. இடைத்தரகர் நூலைத் தந்துவிட்டுப் போவார்; சமையலுக்கும் பிள்ளைகளுக்கும் இடையே கிடைக்கும் நேரத்தில் வாரக்கணக்கில் பின்னினால் ஒன்று முடியும். கூலி ஹாமக்குக்கு இவ்வளவு என்றுதான், மணிக்கணக்கு இல்லை. மெரிடா கடைகளில் சுற்றுலாப் பயணி தரும் விலையில் சிறு பங்கே பின்னியவர் கைக்கு வருகிறது. இது நியாயமில்லை.

யுகடான் போகிறவர்கள் ஹாமக்கைக் கையில் தூக்கிப் பாருங்கள். கனமாக இருந்தால் நூல் நிறைய ஓடியிருக்கிறது என்று பொருள். முனைக் கயிறுகளை எண்ணுங்கள். முடிந்தால் திஷ்கோகோப் வரை போய், பின்னியவரிடமே அவர் சொல்லும் விலையைக் கொடுத்து வாங்குங்கள்.