கத்திரி வெயிலில் கேக் அலங்காரம்

சித்திரை, ஞாயிறு

உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்ற ஒருவன் சங்கீதம் கற்கப் போனாலும் சம்ஸ்கிருதம் கற்கப் போனாலும் ஊரார் மெச்சுவார்கள். கேக்கை அலங்கரிக்கக் கற்கப் போகிறான் என்றால், அதுவும் மதுரையில், கத்திரி வெயில் நெருங்குகிற சமயத்தில் என்றால், அவனுடைய புத்தி ஸ்வாதீனத்தைப் பற்றி உறவினர்கள் தணிந்த குரலில் விசாரிக்கத் தொடங்கிவிடுகிறார்கள். அவர்களுக்கெல்லாம் ஏதோ பதில் சொல்லிவிட்டு, இன்று காலை டீச்சர் வீட்டு மாடிக்குப் போய்ச் சேர்ந்தேன். டீச்சருக்கு என் மகள் வயதுதான் இருக்கும். வீட்டிலேயே கேக் செய்து விற்கிறவர்.

ரோஜாப்பூவில் பாடம் ஆரம்பமாகும் என்ற என் எதிர்பார்ப்பு முதல் வாக்கியத்திலேயே அடிபட்டுப் போயிற்று. "பூ, இலை எல்லாம் அப்புறம் சார். முதல்ல கேக்கை மட்டம் பண்ணணும்" என்றார். அடுப்பிலிருந்து வந்த கேக்கின் நடுப்பாகம் உப்பியிருக்கும். அதை ரம்பப் பல் வைத்த கத்தியால் சீவித் தள்ளி, கேக்கைக் குறுக்கே அறுத்து, ஒவ்வொரு அடுக்குக்கும் சர்க்கரைப் பாகைத் தெளித்து, இடையில் கிரீம் தடவி மறுபடி அடுக்கி, மேலும் பக்கங்களிலும் மெல்லிய பூச்சு ஒன்று கொடுத்து, அரைமணி நேரம் ஃபிரிட்ஜில் வைத்து எடுத்த பிறகே கண்ணுக்குத் தெரியப்போகிற பூச்சு ஏறுகிறது. அந்த முதல் பூச்சுக்கு 'கிரம் கோட்' என்று பெயர். உதிர்கிற தூளையெல்லாம் தன்னோடு பிடித்து நிறுத்திவிட்டுத் தான் மறைந்துபோவதே அதன் ஜன்ம சாபல்யம்.

பூச்சு தடவுவதில் பிரதானமான சூட்சுமம், கை அசையாமல் இருப்பது. தடவும் கத்தியைப் பக்கவாட்டில் நிமிர்த்திப் பிடித்தபடி இடக்கையால் கேக் வைத்த டர்ன்டேபிளைச் சுழற்ற வேண்டும். வழவழப்பு தட்டின் சுழற்சியால் வருகிறதே தவிர, கத்தியின் உழைப்பால் வருவதில்லை. வாழ்நாளெல்லாம் கைதான் வேலை செய்யும் என்று நம்பிப் பழகிய ஒருவனுக்கு இது லேசில் சித்திப்பதாக இல்லை.

செவ்வாய்

இன்றைய பாடம் வெண்ணெய். ஒரு பங்கு வெண்ணெய்க்கு இரண்டு பங்கு ஐசிங் சர்க்கரை என்ற கணக்கில் அடித்தால் பட்டர்கிரீம் வந்துவிடுகிறது; கணக்கில் சிரமமே இல்லை, சிரமமெல்லாம் ஆகாசத்தில் இருக்கிறது. வெண்ணெய் இந்த வேலைக்கு இணங்கி நிற்பது ஏறக்குறைய 18 டிகிரி முதல் 21 டிகிரி வரைதான். 32 டிகிரியைத் தாண்டினால் உருகத் தலைப்படுகிறது. நம் ஊர்ச் சமையலறையோ இந்த மாதத்தில் காலை பத்து மணிக்கே அந்த எல்லையை எட்டிப் பார்க்கிறது. இந்தக் கலையின் சாஸ்திரமெல்லாம் ஜன்னலைச் சாத்திக்கொண்டு கணப்பருகே உட்காருகிற தேசங்களில் எழுதப்பட்டது என்பதை இன்றுதான் பிரத்தியட்சமாக உணர்ந்தேன். 'அறை உஷ்ணத்தில் உள்ள வெண்ணெய்' என்று அவர்கள் எழுதும்போது எந்த அறையை நினைத்து எழுதினார்களோ, அது மதுரையில் இல்லை.

ஆகவேதான் நம் பேக்கரிக்காரர்கள் வெண்ணெயை விட்டுவிட்டு, பனைவிதை எண்ணெயைக் கெட்டிப்படுத்திச் செய்த விப்பிங் கிரீமுக்குப் போனார்கள் போலும். பால் கிரீமைக் கொண்டு அடிக்கலாமே என்றால், அதில் நூற்றுக்கு முப்பது பங்குக்குக் குறையாமல் கொழுப்பு இருந்தாலொழியக் காற்றைப் பிடித்து நிற்காது. கடையில் சாதாரணமாகக் கிடைக்கும் பாக்கெட் கிரீமில் 25 பங்குதான். பனைவிதைக் கிரீமை உறைநிலையிலிருந்து மெல்ல இளக்கி, பாத்திரத்தையும் குளிரவைத்து அடித்தால், பார்த்துக்கொண்டிருக்கும்போதே மேகம்போல் திரண்டு எழுகிறது. வெயிலுக்கும் ஓரளவு ஈடுகொடுக்கிறது. ஆனால் நாக்கில் ஒரு மெழுகுப் படலத்தை விட்டுப்போகிற அந்த வஸ்துவை ருசி என்று ஒப்புக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை. டீச்சரிடம் சொன்னேன். "கஸ்டமர் வீட்ல மெழுகுவத்தி ஏத்துற வரைக்கும் பூ நிக்கணும் சார், ருசி அதுக்கப்புறம்தான்" என்றார். வியாபாரம் செய்கிறவர் சொல்வதை மறுக்க எனக்கு என்ன அதிகாரம்?

வியாழன்

கத்திரி பிறந்துவிட்டது. மின்விசிறி அனல் காற்றைத்தான் விசிறுகிறது. இன்று ராயல் ஐசிங்.

1840-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம் விக்டோரியா மகாராணிக்குக் கல்யாணம் நடந்தபோது, ஏறத்தாழ முந்நூறு பவுண்டு எடையுள்ள கேக் ஒன்றைச் செய்து, இந்த வெள்ளை வெளேரென்ற சர்க்கரைப் பூச்சினால்தான் போர்த்தினார்களாம். சர்க்கரை விலையேறிய வஸ்துவாக இருந்த காலத்தில் அந்த வெண்மையே ஐசுவரியத்தின் விளம்பரம். 1947-இல் எலிசபெத் இளவரசியின் கல்யாணக் கேக் ஒன்பது அடி உயரம் நின்றது. ஆனால் யுத்தம் முடிந்தும் ரேஷன் முடியாத இங்கிலாந்தில் அதற்கான பண்டங்களை ஆஸ்திரேலியாவிலிருந்து கப்பலேற்றி அனுப்ப வேண்டியிருந்தது.

ராயல் ஐசிங்குக்கு முட்டை வெள்ளைக் கரு, ஐசிங் சர்க்கரை, இரண்டு சொட்டு எலுமிச்சைச் சாறு, இவ்வளவுதான் சரக்கு. கொழுப்பே இல்லாததால் இது உருகுவதில்லை, காய்ந்து கல்லாகிறது. பாத்திரத்தில் எண்ணெய்ப் பிசுக்கு துளி இருந்தாலும் வெள்ளைக் கரு நுரைத்தெழாது என்பதும், ஈரத் துணியால் மூடி வைக்காவிட்டால் மேலே ஆடை கட்டிவிடும் என்பதும்தான் கவலை. இதற்கு விரோதி வெயில் அல்ல, ஈரக்காற்று. கடற்கரை ஊர்க்காரர்களுக்குக் காய மறுத்துச் சோதனை செய்யும் இந்த ஐசிங், வறண்ட மதுரை வெயிலில் சமர்த்தாகக் காய்ந்து நிற்கிறது. வெண்ணெயிடம் தோற்ற ஊர் இதில் ஜயித்துவிட்டது என்று எனக்குள் ஓர் அற்ப சந்தோஷம்.

கோலம் போடத் தெரிந்தவர்களுக்கு, பையைப் பிதுக்கி இந்த ஐசிங்கால் இழுக்கிற இழை சுலபமாக வரும் என்று டீச்சர் சொன்னது வெறும் உபசார வார்த்தை அல்ல. பையின் வாயில் பொருத்திய நாசிலின் முனையைக் கேக்கில் தொட்டு, உடனே விரற்கடை உயரம் தூக்கி, வருகிற இழையை அந்தரத்தில் தொங்கவிட்டபடியே கையை நடத்திக்கொண்டு போய், முடிகிற இடத்தில் மெல்ல இறக்க வேண்டும். மாவிழை தரையில் விழும்போது விரல் தரையைத் தொடாததுபோல, இங்கும் முனை கேக்கில் உரசக் கூடாது. வாசலில் கோலம் போடாத ஆண்பிள்ளைக்கு இது அறுபது வயதில்தான் தெரிய வேண்டியிருக்கிறது.

சனி

ரோஜா. ஆணிபோன்ற ஒரு சாதனத்தின் தட்டைத் தலையில் சிறு காகிதத் துண்டை ஒட்டி, நடுவில் கூம்பாகக் கிரீமை நிறுத்தி, ஆணியை விரல்களுக்கிடையே உருட்டிக்கொண்டே இதழ்களைச் சுற்ற வேண்டும்: உள்வட்டத்தில் மூன்று, அடுத்ததில் ஐந்து, வெளியே ஏழு. 104-ஆம் எண் நாசிலின் வாய் கண்ணீர்த்துளி வடிவானது. அகன்ற பக்கம் கீழே, குறுகிய பக்கம் மேலே. குறுகிய பக்கத்தால்தான் இதழின் விளிம்பு மெலிகிறது.

என்னோடு படிக்கும் கல்லூரிப் பெண்ணுக்குப் பூ பூவாக வந்தது. என் பையிலிருந்து வந்தவை நாலாவது இதழிலேயே தலைசாய்ந்தன. "உங்க கை சூடு அங்கிள்" என்றாள் அவள். விளையாட்டாகச் சொன்னாலும் விஷயம் அதுதான்: உள்ளங்கையின் சூடு பைக்குள் இருக்கும் கிரீமை இளக்கிவிடுகிறது. பையைப் பாதிதான் நிரப்ப வேண்டும், அடிக்கடி ஃபிரிட்ஜில் வைத்து எடுக்க வேண்டும் என்று டீச்சர் பரிகாரம் சொன்னார். கைராசி என்று நம்மவர்கள் சொல்வதில் பாதி உஷ்ண சாஸ்திரம் போலிருக்கிறது.

திங்கள்

எழுத்துப் பாடம். பேக்கரிகளில் ஏன் எப்போதும் ஆங்கிலத்திலேயே வாழ்த்து எழுதுகிறார்கள் என்ற என் நெடுநாள் கோபம் இன்று சற்றுத் தணிந்தது. ஆங்கிலக் கூட்டெழுத்தை இழையை அறுக்காமல் ஒரே ஓட்டமாக இழுத்துவிடலாம். தமிழிலோ எழுத்துக்கு எழுத்து கையைத் தூக்க வேண்டும், கொம்பு போட வேண்டும், போதாததற்குப் புள்ளி வைக்க வேண்டும். புள்ளி வைப்பது தனி வித்தை: அழுத்தத்தை முதலில் நிறுத்திவிட்டு, பிறகு முனையைப் பக்கவாட்டில் சுழித்து எடுக்காவிட்டால் ஒவ்வொரு மெய்யெழுத்தின் தலையிலும் ஒரு முள் நிமிர்ந்து நிற்கும். அரைக்கிலோ கேக்கின் முகத்தில் 'பிறந்தநாள் வாழ்த்துகள்' முழுவதும் அடங்குவதும் கடினம். ஆனாலும் ற, ந, ழ போன்ற வளைவெழுத்துக்களில் கிரீம் தானாகவே வழுக்கிக்கொண்டு ஓடுகிற லாகவத்தைப் பார்த்தபோது, பழக்கம்தான் குறையே தவிர லிபியில் குறையில்லை என்று பட்டது. டீச்சரும் "நல்லாத்தான் இருக்கு சார், யாரும் கேக்க மாட்டேங்கிறாங்க" என்றார்.

வெள்ளி

டீச்சர் ஓர் ஆர்டரை அனுப்புவதை இன்று கூட இருந்து கவனித்தேன். காலை பத்து மணிக்குள், இல்லாவிட்டால் மாலை ஆறுக்கு மேல்; நடுப்பகலில் எவ்வளவு வற்புறுத்தினாலும் கொடுப்பதில்லை. வந்த இளைஞன் பெட்டியைப் பைக்கின் டேங்க் மேல் வைக்கப் போனான். "டேங்க் கொதிக்குதுப்பா, ஆட்டோல போ" என்று அவனைத் திருப்பிவிட்டு, பெட்டிக்கடியில் ஐஸ் பொதியையும் வைத்துக் கட்டிக் கொடுத்தார்.

அடுத்த பாடம் ஃபான்டன்ட். மாவுபோல் தேய்த்துக் கேக்கின்மேல் போர்த்துகிற அந்தச் சர்க்கரை விரிப்பில் எனக்கு ருசியும் இல்லை, சிரத்தையும் இல்லை. ராயல் ஐசிங்கையே இன்னும் கொஞ்சம் பழகிக்கொள்கிறேன் என்று சொன்னேன். தடை சொல்லாமல், வெயில் தணிந்து ஆனி பிறந்த பிறகு வரச் சொல்லியிருக்கிறார். அதுவரை வீட்டில் எவர்சில்வர் தட்டைக் கவிழ்த்துப் போட்டு, அதன் முதுகில் டால்டாவையும் சர்க்கரையையும் குழைத்துப் பழக வேண்டுமாம். வழித்தெடுத்தால் மறுபடி பைக்குள் போட்டுக்கொள்ளலாம். தட்டுக் கேட்டதற்கு என் மனைவி பழைய தட்டைத்தான் கொடுத்தாள்.