பீரோ சாவிக்கு மசிந்த கார்

பழைய கார் இருக்கும் வீடா உங்களுடையது? அதன் சாவித் துவாரத்தை ஒரு தடவை சோதித்துப் பாருங்கள். அம்பாஸடர் உற்பத்தி 2014-லேயே நின்றுவிட்டது. ஆனாலும் மயிலாப்பூரில் எங்கள் வாசலில் ஒன்று நிற்கிறது. விற்க என்னவருக்கு மனசில்லை.

போன மாதம் ஐந்து வயதுப் பேரன் பீரோ சாவியை அதில் போட்டுத் திருப்பிவிட்டான். கியரில் நின்ற வண்டி குலுங்கி ஒரு முழம் முன்னால் பாய்ந்தது. வாசலில் கோலம் போட்டுக்கொண்டிருந்த மருமகள் அப்போதுதான் எழுந்து உள்ளே போயிருந்தாள். இன்னும் எனக்கு வயிற்றைக் கலக்குகிறது.

"உள்ளே பித்தளைத் தகடெல்லாம் தேஞ்சு போச்சும்மா. இனிமே எந்தச் சாவியும் திரும்பும்" என்றார் மெக்கானிக். ஜெனரல் பேட்டர்ஸ் ரோடில் தேடி, கடைசியில் புதுப்பேட்டையில் புது சுவிட்ச் கிடைத்தது.

முதலில் பாட்டரி ஒயரைக் கழற்றினார். "இல்லேன்னா பொறி பறக்கும்." பிறகு பாட்டரி, காயில், ஸ்டார்ட்டர் என ஒவ்வொரு ஒயரிலும் ஒரு கலர் நூல் கட்டிவிட்டுத்தான் பழையதை எடுத்தார். மாட்டி முடித்ததும் பீரோ சாவியை நானே போட்டுப் பார்த்தேன். அசையவில்லை!

இஞ்சின் ஓடாதபோது சாவி 'ஆன்' நிலையில் கிடந்தால் காயில் சூடேறும், பாட்டரியும் இறங்கிவிடுமாம். வண்டியில் உட்கார்ந்து பாட்டுக் கேட்கும் என்னவருக்காகவே அதை அவர் இரண்டு தரம் சொன்னார்.