ஐந்து கணவாய்களும் ஒரு சைக்கிளும்

மணாலியில் பியாஸ் ஆற்றங்கரையை விட்டுக் கிளம்பும் சாலை லே நகரில் போய் முடிகிறது. பழைய ரோத்தாங் வழியாகப் போனால் சுமார் 475 கிலோமீட்டர், நடுவே ஐந்து கணவாய்கள். இந்தத் தூரத்தைக் கார் இரண்டு நாளில் கடந்துவிடும். சுமையேற்றிய சைக்கிளுக்கு எட்டு முதல் பத்து நாள் பிடிக்கும். உயரத்தால் வரும் நோயிலிருந்து சைக்கிளில் வருபவருக்கு அந்தத் தாமதம்தான் காவல்.

2020-இல் திறந்த அடல் சுரங்கப்பாதை 9 கிலோமீட்டரில் மலையைக் குடைந்து லாஹுல் பக்கம் கொண்டுபோய் விடுகிறது. ஆனாலும் 3,978 மீட்டர் உயரமுள்ள ரோத்தாங் கணவாயில் ஏறி இறங்குவதே நல்லது. பகலில் உயரம் தொட்டு, இரவில் தாழ்வான இடத்தில் உறங்கும் முதல் பயிற்சி உடலுக்கு அங்கேதான் கிடைக்கிறது.

தாண்டியில் சந்திரா ஆறும் பாகா ஆறும் கலக்கின்றன. அங்கிருந்து பாகாவை எதிர்த்து ஏறினால் கேலாங், ஜிஸ்பா, தார்ச்சா. மலையேறுபவர்கள் மதிக்கும் கணக்கு ஒன்று உண்டு: 3,000 மீட்டருக்கு மேல் போனால், உறங்கும் இடத்தின் உயரத்தை ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டக் கூடாது. ஜிஸ்பாவில் காலையில் புறப்படும் கார் அன்று மாலையே சர்ச்சூவில் நிற்கும். ஆயிரம் மீட்டருக்கும் மேலான ஏற்றம் அது. தலைவலியும் குமட்டலும் அந்த இரவில் வருவதில் வியப்பில்லை. கூடாரம் வைத்திருக்கும் சைக்கிள் பயணியோ பட்சேயோவில் ஓர் இரவு, ஜிங்ஜிங்பாரில் ஓர் இரவு என்று உடல் கேட்கும் இடத்தில் தங்கிப் போகலாம்.

ஜிங்ஜிங்பாரைச் சுற்றிப் பனி உருகி ஓடைகள் சாலையின் குறுக்கே பாய்கின்றன. காலையில் கணுக்காலளவு இருக்கும் நீர், வெயில் ஏற ஏற முழங்காலுக்கு வந்துவிடும். அதனால் விடியலில் கடப்பதே முறை. மேலே, பாகா பிறக்கும் சூரஜ் தால் ஏரி. அதையடுத்து ஏறத்தாழ 4,890 மீட்டரில் பாராலாச்சா கணவாய்.

சர்ச்சூ 4,290 மீட்டர். கோடையிலும் இங்கே இரவு உறைநிலைக்குக் கீழே இறங்குகிறது. குளிர் காற்றிலிருந்து வருவதைவிடத் தரையிலிருந்தே அதிகம் ஏறும். உறக்கப்பை எவ்வளவு தடிப்பாக இருந்தாலும், உடல் அழுத்தும் அடிப்பக்கத்தில் அதன் பஞ்சு தட்டையாகிவிடுகிறது. வெப்பத்தைத் தாங்கிப் பிடிப்பது கீழே விரித்த பாய்தான். தண்ணீர் வடிகட்டியை உறக்கப்பைக்குள் வைத்துக்கொள்ள வேண்டும், உறைந்தால் அதன் நுண்துளை இழைகள் வெடித்துவிடும். பியூட்டேன் மட்டும் அடைத்த எரிவாயுக் குடுவை அந்தக் குளிரில் ஆவியாகத் திணறும். புரோப்பேன் கலந்தது எரியும். வேர்வையில் நனைந்த பருத்திச் சட்டையோடு படுப்பதைப் போன்ற ஆபத்து வேறில்லை.

அடுத்து காட்டா வளைவுகள், 21 கொண்டை ஊசிகள். பிறகு நக்கீலா, 5,000 மீட்டரைத் தாண்டும் லாச்சுலுங்லா என்று இரண்டு கணவாய்கள், பாங்கின் சாப்பாட்டுக் கூடாரங்கள். அதற்கப்பால் மோரே சமவெளி. நாற்பது கிலோமீட்டருக்குச் சாலை கிட்டத்தட்டத் தட்டையாகக் கிடக்கிறது, ஆனால் எதிர்க்காற்று பிடித்தால் அதுவே ஏற்றம்தான். சாங்பா மேய்ப்பர்களின் ஆடுகள் தூரத்தில் புள்ளிகளாகத் தெரியும். சமவெளி முடிந்ததும் 5,328 மீட்டரில் கடைசிக் கணவாய் தாங்லாங்லா. கடல் மட்டத்தில் இருக்கும் காற்றழுத்தத்தில் ஏறக்குறைய பாதிதான் அங்கே. நூறு மிதிக்கு ஒருமுறை நின்று மூச்சு வாங்குவது பலவீனமல்ல, அந்த இடத்தின் நடைமுறை.

பின்பு இறக்கம்: ரும்ட்சே, உப்ஷி, சிந்து நதி. அங்கிருந்து திக்சே மடாலயத்தைக் கடந்து ஐம்பது கிலோமீட்டரில் லே.

இந்தச் சாலைக்குக் கிளம்புகிறவர்கள் ஒன்றை மறக்க வேண்டாம். சர்ச்சூவும் பாங்கும் உயர்ந்த கணவாய்களுக்கு நடுவே இருக்கின்றன. அங்கே நோய் கண்டால், கீழே இறங்கவும் முதலில் மேலே ஏறியாக வேண்டும். ஆகவே தலை வலித்தால் பாராலாச்சாவுக்கு முன்பே நில்லுங்கள். குறையவில்லையென்றால் தார்ச்சாவுக்குத் திரும்பிவிடுங்கள்.