அடைபட்ட துறை

மட்டக்களப்பு வாவியின் கரையில் வளர்ந்தவர்களுக்குத் 'துறை' என்ற சொல்லுக்குப் பொருள் கூற வேண்டியதில்லை. குருமண்வெளித் துறையில் நின்று, மண்டூர்ப் பக்கம் செல்லும் பாதை எப்போது வரும் என்று நீரைப் பார்த்தபடி காத்திருந்தவர்கள் நாம். அதே சொல்லைக் கணினிப் பாடம் எழுதுவோர், பொறியின் விளிம்பிலே இருக்கும் சிறு துவாரத்திற்கு வைத்திருக்கிறார்கள். பொருத்தமான பெயர்தான். அங்கும் சரக்கு ஏறுகிறது, இறங்குகிறது. துறை அடைபட்டால் அக்கரையிலிருப்பவன் பட்டினி.

2024 நவம்பர் மாதக் கடைசிக் கிழமையில் என் மடிக்கணினியின் துறை அடைபட்டது. அந்தக் கிழமையை இப்பகுதியில் எவரும் மறந்திருக்க மாட்டார்கள். வானம் பிளந்தாற்போல மழை. வாவி தன் எல்லையை மறந்துவிட்டது. 25ஆம் திகதி தொடங்கிய உயர்தரப் பரீட்சையே 27ஆம் திகதி இடைநிறுத்தப்பட்டு, டிசம்பர் 4ஆம் திகதிதான் மீண்டும் தொடங்கியது. நான் கற்பிக்கும் பாடசாலை படுவான்கரையில் இருக்கிறது. நான் குடியிருப்பது எழுவான்கரையில். என் பதினோராந்தரத்துப் பிள்ளைகள் 2025 மார்ச்சில் சாதாரணதரப் பரீட்சைக்கு உட்கார வேண்டியவர்கள். பாடசாலை எப்போது திறக்கும் என்று தெரியாத நிலையில், மாலைதோறும் இணையத்தின் வழியாகத் தமிழ் வகுப்பு நடத்துவதென்று அவர்களுக்கு வாக்களித்திருந்தேன். நீர் சூழ்ந்த வீடுகளில், ஒரு கைப்பேசியைச் சுற்றி மூன்று நான்கு பிள்ளைகளாகக் கூடியிருந்து கேட்பதாக ஏற்பாடு.

அந்த மடிக்கணினியின் வரலாற்றைச் சற்றே சொல்ல வேண்டும். ரூபாய் சரிந்து, கடதாசி இல்லாமையால் மேல் மாகாணத்தில் தவணைப் பரீட்சைகளே ஒத்திவைக்கப்பட்ட 2022ஆம் ஆண்டில், ஒரு புதிய கணினி வாங்கும் எண்ணம் என்னைப் போன்ற ஆசிரியைக்குக் கனவிலும் தோன்றாது. ரொறன்ரோவிலிருக்கும் என் சின்னம்மாவின் மகன், தன் அலுவலகம் கழித்துவிட்ட 2018ஆம் ஆண்டுப் பொறி ஒன்றை ஊருக்கு வந்தவர் கையில் கொடுத்தனுப்பினான். அங்கே கழிவு, இங்கே செல்வம். மேல்நாட்டு அலுவலகங்கள் கழித்துவிட்டவை எத்தனை ஆசிரியர்களின் மேசையில் இன்று உழைத்துக்கொண்டிருக்கின்றன என்பதை எவரேனும் ஒருநாள் எண்ணிப் பார்க்கலாம்.

அதிலே மின்னேற்றம் பெறக்கூடிய துறைகள் இரண்டு. இரண்டும் 'சீ' வகை. ஒன்று சாதாரணமானது, உப்புக்காற்றாலும் என் அவசரத்தாலும் ஆட்டம் கண்டு, வயரை ஒரு கோணத்திலே பிடித்தால்தான் மின்சாரம் ஏறும் நிலைக்கு வந்திருந்தது. மற்றையதன் அருகே மின்னல் கீற்று ஒன்று பொறித்திருந்தது, 'தண்டர்போல்ட்' என்பார்கள். நான் நம்பியிருந்தது அதைத்தான். இடியேறு என்று பெயர் வைத்துக்கொண்டு அது ஓர் ஓசையுமின்றி இறந்துபோயிற்று.

முதலில் செய்ய வேண்டியவற்றை எல்லாம் செய்தேன். வயரையும் சார்ஜரையும் கைப்பேசியில் மாட்டிப் பார்த்தேன், அவை நலமாயிருந்தன. துவாரத்தை ஒளியிலே பிடித்துப் பார்த்துப் பஞ்சுத் துகளை ஊதி வெளியேற்றினேன். பொறியின் அடியிலே குண்டூசி நுழையுமளவு ஒரு துளை உண்டு. மின்சாரத்தைத் துண்டித்துவிட்டு, நிமிர்த்திய கடதாசிக் கிளிப்பால் அதை அழுத்தினால் உள்ளே உறைந்துபோன சுற்றுகள் மீண்டும் தொடங்கும் என்பார்கள். அதையும் அழுத்தினேன். பயனில்லை. கணினியின் சாதனப் பட்டியலைத் திறந்து பார்த்தால், அந்தத் துறையை ஆளும் கட்டுப்படுத்தியின் பெயரே அதில் காணவில்லை. தன் உடலில் அப்படியோர் உறுப்பு இருந்ததையே பொறி மறந்துவிட்டிருந்தது.

மழை சற்று விட்ட நாளில் நகரத்துக் கடையொன்றுக்குக் கொண்டு போனேன். இருபத்திரண்டு வயது மதிக்கத்தக்க தம்பி ஒருவர் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"மதர்போட் போயிற்று டீச்சர். மாத்தத்தான் வேணும். எண்பத்தையாயிரம் வரும்."

என் கைக்கு வரும் மாதச் சம்பளம் அந்தத் தொகையைத் தொடாது. மழையில் நனையாமல் பொறியைச் சேலைத் தலைப்பால் மூடிக்கொண்டு வீடு திரும்பினேன்.

அன்றிரவு கைப்பேசியில் தேடியபோதுதான் உண்மை தெரிந்தது. பொறியைச் செய்த நிறுவனமே பல ஆண்டுகளுக்கு முன் அறிவித்தல் விடுத்திருக்கிறது. 2017 முதல் 2019 வரை வெளிவந்த பல வகைகளில் இந்தத் துறையின் நிலைப்பொருள் குறையுடையது. புதுப்பிக்காவிட்டால் துறை ஒருநாள் செயலற்றுப் போகலாம். அவ்வாறு போன பிறகும் புதுப்பித்தல் சிலவற்றை மீட்கலாம், சிலவற்றை மீட்காது. இவ்வளவும் ஆங்கிலத்தில். இதைவிட வெட்கம் ஒன்றுண்டு. 'முக்கியமான புதுப்பித்தல் ஒன்று காத்திருக்கிறது' என்று இரண்டு ஆண்டுகளாக அந்தப் பொறி என்னிடம் முறையிட்டுக்கொண்டிருந்தது. 'பிறகு' என்ற பொத்தானை எத்தனை முறை அழுத்தியிருப்பேன்! வீட்டுவேலையைப் பிற்போடும் மாணவனை நான் எத்தனை கடிந்திருக்கிறேன்!

நிலைப்பொருள் என்றால் என்ன? பொறியின் உடலுமன்று, நாம் விரும்பி ஏற்றி இறக்கும் மென்பொருளுமன்று. இரண்டுக்கும் இடைப்பட்டது என்ற கருத்தில் 1967இல் ஆஷர் ஒப்லர் என்பவர் அதற்கு ஆங்கிலப் பெயர் சூட்டினார். சில்லினுள்ளே எழுதி வைக்கப்பட்ட கட்டளைத் தொகுதி அது. 'சீ' வகைத் துறைக்கு இஃது ஏன் வேண்டும் என்று கேட்கலாம். பழைய செருகியைப் போல இது ஊமையன்று. அதன் முகத்திலே 24 தொடுகைகள். எப்பக்கம் திருப்பிச் செருகினாலும் பொருந்தும். முதலில் 5 வோல்ட் மட்டுமே வரும். பின்னர் சார்ஜரும் கணினியும் ஒன்றோடொன்று பேசி, 'உனக்கு எவ்வளவு தேவை, எனக்கு எவ்வளவு தர இயலும்' என்று உடன்பட்ட பிறகே 20 வோல்ட் வரை ஏறும். பேசத் தெரிந்தவனுக்குத்தானே வாய் அடைத்துப் போகவும் கூடும்? கட்டளைகள் இருக்கும் நினைவகச் சில்லு ஓரளவு முறைதான் அழித்தெழுத இடங்கொடுக்கும் இயல்புடையது. பழைய நிலைப்பொருள் ஓயாமல் அதிலே எதையோ எழுதிக்கொண்டேயிருந்து, தன் ஏட்டைத் தானே பாழாக்கிக்கொண்டது என்பது பழுதுபார்ப்போர் தரும் விளக்கம்.

இந்தச் செருகிகளின் மூதாதையான 'யூஎஸ்பி' 1996இல் வெளிவந்தது. அதை உருவாக்கிய குழுவிலே முன்னின்றவர் வடோதராவில் படித்த அஜய் பட். இன்டெல் நிறுவனம் அதற்கு உரிமைத்தொகை கேட்கவில்லை. உலகமெங்கும் அது பரவியதற்கு அதுவும் ஒரு காரணம். வழியைத் திறந்து வைத்தார்கள். வழியின் உள்ளே நடப்பதை அறியும் வாயில்தான் பின்னர் ஒவ்வொரு நிறுவனத்தாராலும் பூட்டப்பட்டது. ஐரோப்பிய ஒன்றியம் 2024இல் பழுதுபார்க்கும் உரிமைக்கென்று ஒரு பணிப்புரையை இயற்ற வேண்டி வந்தது சும்மா அன்று. அங்கே பொருளை வாங்குபவனுக்குச் சட்டம் பேசும். அங்கே கழித்ததை இங்கே வைத்திருப்பவளுக்கு யார் பேசுவார்?

மறுநாள் மாலை, என் வகுப்பு மாணவி ஒருத்தி வந்தாள். அவள் தகப்பனார் வாவியிலே மீன்பிடிப்பவர். வீட்டினுள் வெள்ளம் புகுந்ததால் கல்லடியில் மாமி வீட்டில் தங்கியிருந்தாள். வகுப்பு ஏன் நடக்கவில்லை என்று கேட்டு வந்தவளிடம் நிலைமையைச் சொன்னேன். மின்கலத்தில் எஞ்சியிருந்தது 23 வீதம். புதுப்பிக்கும் நிரலோ, சார்ஜர் இணைந்திருந்தாலன்றித் தொடங்க மறுத்தது. நல்ல துறை இறந்துவிட்டது; இருக்கும் துறையிலோ வயர் அசைந்தால் மின்சாரம் அறும். இடைநடுவில் அறுந்தால் பொறியின் கதி என்னாகும் என்பதை அந்த ஆங்கில அறிவித்தல் ஒளிவுமறைவின்றிச் சொல்லியிருந்தது.

"நான் பிடிச்சிக்கிட்டு நிக்கிறன் டீச்சர்," என்றாள்.

கைப்பேசி இணைப்பில் கோப்பை இறக்க முக்கால் மணி நேரம் பிடித்தது. பிறகு அவள் நிலத்திலே சப்பணமிட்டு உட்கார்ந்து, செருகியைச் சற்று மேல்நோக்கித் தூக்கியபடி இரு கைகளாலும் பிடித்துக்கொண்டாள். தூண்டில் நூலைப் பிடித்துக் காத்திருப்பவர்களின் பிடி அது, இறுக்கமுமில்லை, தளர்வுமில்லை. நான் பொத்தானை அழுத்தினேன். திரையிலே ஒரு பட்டை ஊர்ந்தது. பாதியில் நின்றது. வெளியே மழை வலுத்தது. விளக்கு ஒருமுறை மங்கி மீண்டது. அந்தக் கணத்தில் என் நெஞ்சு நின்றது என்று எழுதினால் மிகைப்படுத்துகிறேன் என்று நினைப்பீர்கள். எண்பத்தையாயிரம் மட்டுமன்று, படுவான்கரையில் இருபத்தேழு பிள்ளைகள் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"டீச்சர், கை உளையுது."

"இன்னும் கொஞ்சம் பொறு மகள்."

"மாத்திப் பிடிக்கட்டா?"

"வேண்டாம், வேண்டாம்!"

அவள் மாற்றிப் பிடிக்கவில்லை. உதட்டைக் கடித்துக்கொண்டு இருந்தாள். பட்டை நிறைந்தது. பொறியை அணைத்து, அடியிலுள்ள துளையை மறுபடி அழுத்தி, ஒரு நிமிடம் பொறுத்து எழுப்பினேன். இறந்த துறையில் வயரைச் செருகச் சொன்னேன். அவள் செருகினாள். அதனருகே சிறு விளக்கொன்று எரிந்தது.

கையை உதறிக்கொண்டே அவள் கேட்டாள்: "இதெல்லாம் தமிழில இருந்தா, நீங்க முதலே செய்திருப்பீங்க என்ன டீச்சர்?"

நேர்மையான விடை 'தெரியாது' என்பதே. 'பிறகு' என்பது எந்த மொழியிலும் இனிய சொல். ஆயினும் அந்தக் கேள்வி என்னை விடவில்லை. அறிவியலும் படித்து, தமிழும் கற்று, 1930களிலே கலைச்சொல்லாக்க முயற்சியில் முன்னின்ற விபுலானந்த அடிகள் நடமாடிய கல்லடியில் குடியிருந்துகொண்டு, தமிழ்ப் பட்டத்தை இலக்கண வினாவுக்கு மட்டும் செலவிடுவது எவ்வகையில் நியாயம்? வகுப்பு முடிந்த இரவுகளில் இரண்டு பக்கம் எழுதினேன்: துறை செயலிழந்தால் முதலில் எதைச் சோதிப்பது, எந்த ஆண்டுப் பொறிகளுக்கு இந்தக் குறை உண்டு, நிலைப்பொருளை எங்கே பார்ப்பது, எதற்காக அஞ்ச வேண்டும், எதற்காக அஞ்ச வேண்டியதில்லை.

பாடசாலை திறந்ததும் அதை ஆசிரியர் அறையில் ஒட்டினேன். அதே வகைப் பொறி இன்னும் மூவரிடம் இருந்தது. இருவருடையது இன்னும் உயிரோடிருந்தது, அன்றைக்கே புதுப்பித்தார்கள். மூன்றாமவர் கணிதம் கற்பிப்பவர். படித்துவிட்டு எதுவும் பேசாமல் தம் இடத்தில் போய் அமர்ந்தார். சென்ற ஆண்டு அவர் கடன்பட்டு மதர்போட் மாற்றியிருந்தார்.

ஒரு பிரதியைக் கடைத்தம்பியிடமும் கொண்டு போனேன். கோபத்தோடு போகவில்லை, அவருக்கும் எவரும் இதைச் சொல்லிக் கொடுக்கவில்லை. வேலை கற்ற இடத்தில் அவர் படித்ததெல்லாம் எதைக் கழற்றுவது, எதற்கு எவ்வளவு வாங்குவது என்பதுதான். அவர் இரண்டு பக்கத்தையும் நின்றபடியே வாசித்தார். நடுவில் ஓரிடத்தில் விரலை வைத்தார்.

"டீச்சர், இந்த 'துறை' எண்டுற சொல்லு... சனம் ஓடத்துறை எண்டு நினைக்கும். 'போட்' எண்டும் பக்கத்தில எழுதி விடுங்களன்."

'போட்' என்றால் சனம் படகு என்றல்லவா நினைக்கும் என்றேன். அவர் சிரித்துவிட்டார். ஈற்றில் 'வயர் செருகும் ஓட்டை' என்று எழுதுவதென்று முடிவாயிற்று. அவர் கொடுத்த பேனாவால் இரு பக்கத்திலும் பதினொரு இடங்களில் திருத்திக் கொடுத்தேன்.