ரெண்டு ஓட்டையும் ஒரு பத்மினியும்

ஆபீஸ்ல ஆணி அதிகம். அதான் ரொம்ப நாளா இந்தப் பக்கம் தலை வைக்கலை. இந்தப் பதிவு பொட்டி தட்டுறதைப் பத்தி இல்லை, பொட்டி செய்யறதைப் பத்தி. ஸ்பீக்கர் பொட்டி. அதுவும் 1986 மாடல் பிரீமியர் பத்மினிக்கு.

டிஸ்கி: நடுவுல கொஞ்சம் கணக்கு வரும். கணக்கு பிடிக்காதவங்க அந்தப் பத்தியைத் தாண்டிக் குதிச்சுடுங்க. கதை புரியும் :-)

முதல்ல கொசுவர்த்தி சுத்திடறேன். எங்க ஊர் கோயம்புத்தூர். நான் பிறந்த அடுத்த வருஷம், 1998-ல, அப்பா இந்த வண்டியை செகண்ட் ஹேண்ட்ல வாங்கினார். மில்லுல தறி ஓடுற செக்‌ஷன்ல வேலை. அங்க வேலை பார்க்கிறவர் கார் வாங்கினது எங்க தெருவுக்கே அப்ப பெரிய சேதி. 1089 சிசி இன்ஜின், ஸ்டியரிங் பக்கத்துலயே கியர், முன்னாடி சோஃபா மாதிரி ஒரே நீள சீட்டு. மும்பையில கறுப்பு மஞ்சள் டாக்ஸியா ஓடிக்கிட்டு இருந்த பத்மினிகள்கூட 2023 அக்டோபரோட ஓய்வு வாங்கிடுச்சு. எங்க வண்டி இன்னும் ஓடுது. காரணம் அப்பா. ஞாயித்துக்கிழமை காலையில பானெட்டைத் திறந்து வெச்சுக்கிட்டு நின்னா மதியச் சாப்பாட்டுக்குத்தான் வருவார்.

2016-ல நான் இன்ஜினியரிங் ரெண்டாவது வருஷம். கூடப் படிக்கிறவன் கார்ல பாட்டு அதிருது, எங்க கார்ல ஒரு ரேடியோகூட இல்லை. அப்பா வெளியூர் போயிருந்த நேரமாப் பார்த்து, காசு சேர்த்து வெச்சு வாங்கின ரெண்டு ஸ்பீக்கரை மாட்டறதுக்காக முன்கதவு ரெண்டையும் அறுத்துட்டேன். ரெக்ஸின் அட்டையை மட்டுமில்லை, உள்ளே இருந்த தகரத்தையும். முப்பது வருஷமா யாரும் கை வைக்காத கதவு அது.

அப்பா வந்து பார்த்தார். திட்டலை. அது தாங்க பிரச்சனை, திட்டியிருந்தா அன்னிக்கே முடிஞ்சிருக்கும். மறுநாள் காலையில எழுந்து பார்த்தா, ஸ்பீக்கரைக் கழட்டி வெச்சுட்டு, நான் அறுத்த ஓரத்துக்கெல்லாம் ரெட் ஆக்ஸைடு பூசிட்டு இருக்கார். துரு பிடிக்கக் கூடாதுன்னு. பூசி முடிச்சு, காய விட்டு, அவரே ஸ்பீக்கரைத் திருப்பி மாட்டினார். ஒரு வார்த்தை பேசலை.

அந்த ஸ்பீக்கர் ரெண்டு மழைகூடத் தாங்கலை. கார் கதவுக்குள்ள மழைத்தண்ணி இறங்கறது சகஜம், கண்ணாடி ஓரமா இறங்கி கீழே இருக்கிற ஓட்டை வழியாப் போயிடும். அது தெரியாம பேப்பர் கூம்பு வெச்ச ஸ்பீக்கரை மாட்டிட்டேன். ஊறி, அப்பளம் மாதிரி ஆகி, செத்துப் போச்சு. அப்புறம் நான் வேலைக்கு பெங்களூர் போயிட்டேன். கதவுல ரெண்டு ஓட்டை மட்டும் அப்படியே இருந்தது. லீவுக்கு வந்து வண்டியில ஏறும்போதெல்லாம் கண்ணுல படும்.

போன வருஷம் வீட்டிலிருந்தே வேலை பார்க்க மூணு மாசம் அனுமதி கிடைச்சுது. முடிவு பண்ணேன். கதவுக்குப் பழையபடி அட்டை போடணும், வண்டியில புதுசா ஒரு ஓட்டைகூடப் போடாம ஸ்பீக்கர் வைக்கணும்.

இடம் எங்கேன்னு பார்த்தா, காலடியில, கதவுக்கு முன்னாடி பக்கவாட்டுல ஒரு மூலை இருக்கு. அங்க பொட்டி செஞ்சு உட்கார வைக்கலாம். பொட்டி எதுக்குன்னா, ஸ்பீக்கர் முன்னாடி தள்ளும்போது பின்னாடி இழுக்கும். ரெண்டு அலையும் நேர் எதிர். 100 ஹெர்ட்ஸ் சத்தத்தோட அலைநீளம் 3.4 மீட்டர். அது சுலபமா வளைஞ்சு வந்து முன்னாடி அலையைக் காலி பண்ணிடும். பேஸ் போயே போச்சு. பின்னாடி அலையை அடைச்சு வைக்கத்தான் பொட்டி. 1954-ல அமெரிக்காவுல எட்கர் வில்ச்சர்ங்கறவர், மூடின பொட்டிக்குள்ள இருக்கிற காத்தையே ஸ்பிரிங்கா பயன்படுத்தினார். சின்னப் பொட்டியில நல்ல பேஸ் வந்தது அப்படித்தான். பொட்டி அளவைக் கணக்குப் போடற வழியைக் கொடுத்தவங்க ஆஸ்திரேலியாவுல வேலை பார்த்த தீலும் ஸ்மாலும்.

இதோ கணக்கு. நான் வாங்கின அஞ்சே கால் இன்ச் ஸ்பீக்கருக்கு க்யூ 0.5, அதிர்வெண் 60 ஹெர்ட்ஸ், சமமான காத்தளவு 10 லிட்டர். பொட்டியும் 10 லிட்டரா இருந்தா க்யூ 0.707 ஆகும், அது அருமையான நிலை. எனக்குக் கிடைச்ச இடமோ 4 லிட்டர். பத்தை நாலால வகுத்து, ஒண்ணைக் கூட்டி, வர்ற 3.5-க்கு வர்க்கமூலம் எடுத்தா 1.87. அதால பெருக்கினா க்யூ 0.93, அதிர்வெண் 112 ஹெர்ட்ஸ். அதாவது 112-க்குக் கீழே பேஸ் வேகமா இறங்கும், அதுக்கு மேலே கொஞ்சம் தூக்கலா இருக்கும். உள்ளே தலையணைப் பஞ்சு அடைச்சா ஓரளவு சமாளிக்கலாம். போதும், நான் தியேட்டரா கட்டறேன்?

வண்டி மேல டேப்பும் அலுமினியத் தாளும் ஒட்டி, அதும் மேல ஃபைபர் பாயும் ரெசினும் பூசி பின்பக்கத்தை எடுத்தேன். ஸ்பீக்கர் உட்கார 18 மில்லிமீட்டர் எம்டிஎஃப் வளையம். வளையத்தைக் காதைப் பார்த்த மாதிரி சாய்ச்சுக் குச்சி வெச்சு நிறுத்தி, மேலே துணியை இழுத்துக் கட்டி, மறுபடி ரெசின். முதல் கப்புல ஹார்டனரைக் கொஞ்சம் தாராளமா ஊத்திட்டேன். அஞ்சே நிமிஷத்துல கப்பு கொதிச்சுப் புகைய ஆரம்பிச்சுது. போர்ட்டிகோவுல இருந்து அதை எட்டி உதைச்சுட்டு நான் ஓடினதை எதிர் வீட்டுப் பாட்டி இன்னும் சொல்லிச் சிரிக்குது. அவ்வ்வ்.

கொள்ளளவு பார்க்க அம்மாவோட லிட்டர் படியால அரிசி அளந்து கொட்டினேன். சரியா நாலு படி. "அந்த அரிசியை நீயே பொங்கித் தின்னு"ன்னு அம்மா. (குப்பையிலதான் போட்டேன், ரெசின் வாசம்!)

அப்பா இதையெல்லாம் தள்ளி நின்னு பார்த்துக்கிட்டே இருந்தார். வலதுபக்கப் பொட்டியை வெச்சுப் பார்த்தப்ப மட்டும் கிட்ட வந்தார். செருப்போட ஏறி உட்கார்ந்து ஆக்ஸிலரேட்டரை மிதிச்சார்.

"கண்ணு, செருப்பு மாட்டுது. அவசரத்துக்கு பிரேக்குக்குக் காலை எடுக்க முடியாது."

கணக்கெல்லாம் போட்ட இன்ஜினியருக்கு அது தோணலை. வலதுபக்கத்தை மறுபடி முதல்லேர்ந்து செஞ்சேன், ஒல்லியா, உயரமா, அதே நாலு லிட்டருக்கு. ஏற்கெனவே இருந்த ஸ்க்ரூ ஓட்டையிலேயே மாட்டினேன். கழட்டினா தடமே தெரியாது. அப்பா டார்ச் அடிச்சு ஒவ்வொரு ஸ்க்ரூவா பார்த்தார். "புதுசா ஓட்டை போடலையா?"ன்னார். "இல்லீங்கப்பா"ன்னேன். தலையாட்டினார்.

முதல் பாட்டு போட்டப்ப இன்னொண்ணு நடந்தது. அப்பா இருபத்தெட்டு வருஷம் தறிச் சத்தத்துல நின்னவர். அந்த மாதிரி சத்தம் முதல்ல கெடுக்கறது 4000 ஹெர்ட்ஸ் பக்கத்துல இருக்கிற கேள்வியைத்தான். ச, ஸ, த எல்லாம் தெளிவா விழறது அந்தப் பக்கத்துலதான். வீட்டு டிவியில "பாட்டு கேக்குது, வார்த்தை கேக்கல"ன்னு சொல்வார். நாங்க சவுண்டு கூட்டுவோம், அவ்வளவுதான் எங்களுக்குத் தெரிஞ்ச வைத்தியம். மேல் ஸ்தாயி சத்தம் வளையாது, நேரா எங்கே காட்டறோமோ அங்கதான் போகும். கதவுல இருந்தது முழங்காலுக்குப் பாடிச்சு. இது முகத்துக்குப் பாடுது.

ரெண்டாவது சரணத்துல அப்பா கையைத் தூக்கி நிறுத்தச் சொன்னார். "அந்த வரியைத் திருப்பிப் போடு." போட்டேன். "இத்தனை வருஷமா இந்த எடத்துல வேற என்னமோன்னு நெனச்சுட்டு இருந்தேன்"னார்.

அப்புறம் வண்டியை ஸ்டார்ட் பண்ணார். உடனே பாட்டை அணைச்சுட்டார். "ஓட்டும்போது வேண்டாம் கண்ணு. வண்டி என்ன சொல்லுதுன்னு கேக்கணும்." மூணு மாச உழைப்பு! எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான். கதவுக்குப் புது அட்டையைப் போட்டு மூடிட்டு பெங்களூர் கிளம்பிட்டேன்.

அடுத்த மாசம் லீவுக்கு வந்தேன். காலையில கோயிலுக்குக் கிளம்பினா வண்டி ஸ்டார்ட் ஆகலை. பேட்டரி சுத்தமா காலி. போன மாசம்தான் புது பேட்டரி போட்டது.

"டைனமோ போயிருக்குமாப்பா?"ன்னு கேட்டேன்.

அப்பா பதில் சொல்லலை. அம்மாதான் வாசல்ல இருந்து சொன்னாங்க: "டைனமோவும் இல்லை ஒண்ணும் இல்லை. தெனம் ராத்திரி சாப்பிட்டுட்டு உங்கப்பா வண்டியில போய் உக்காந்துக்கறார். பதினோரு மணி ஆகுது உள்ள வர."

அப்பா ஒண்ணும் பேசாம ரெண்டாவது கியர் போட்டு, கிளட்ச்சை மிதிச்சுக்கிட்டு, கண்ணாடியில என்னைப் பார்த்தார்.

நான் இறங்கித் தள்ளினேன்.